ஹெலிகாப்டரில் போனது அவன், பார்த்தது நான்

சில வருடங்களுக்கு முன்பு சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் ஒரு ஷிப்யார்டில் ரிக்கராக இருந்தேன். கிரேன் இறக்கும் சுமையை ஆடாமல் கைகொடுத்து நிறுத்துவதுதான் என் வேலை. பழுதுபார்த்த ஒரு சரக்குக் கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பியபோது எங்களில் சிலரையும் ஏற்றிக்கொண்டார்கள். கரையே தெரியாத தூரத்தில், என் அறை நண்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு வேர்த்துக் கொட்டியது. கப்பல் திரும்பிப் போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கேப்டன் ரேடியோவில் பேசினார். சிங்கப்பூரிலிருந்து ராணுவ ஹெலிகாப்டர் வருகிறதாம். எங்களைப் போன்ற ஆளுக்கு ராணுவ ஹெலிகாப்டரா! நான் நம்பவே இல்லை.

எங்கள் சேஃப்டி சூப்பர்வைசர் செம்பவாங்கில் பிறந்து வளர்ந்த சிங்கப்பூர்த் தமிழர். டெக்கில் ஒரு பொருளும் இருக்கக் கூடாது என்று விரட்டினார். தொப்பி, பிளாஸ்டிக் தாள், நண்பன் காயப்போட்டிருந்த துண்டு எல்லாவற்றையும் அள்ளினோம்.

“ஒரு துண்டு பறந்துபோய் மேல விசிறியில மாட்டினாலும் போச்சு லா!” என்றார்.

ஹெலிகாப்டர் வந்தது பாருங்கள், அந்தக் காற்றில் நிற்கவே முடியவில்லை! இறங்க இடமில்லாததால் தலைக்கு மேலேயே நின்றது. ஒரு வீரர் கம்பிக் கயிற்றில் தொங்கியபடி ஆடி ஆடி இறங்கினார். எது ஆடி இறங்கினாலும் என் கை தானாகப் போய்விடும். அவர் காலைப் பிடிக்கப் பாய்ந்தேன். சூப்பர்வைசர் என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

“தம்பி, தொடாதீங்க! பறந்து வர்றப்போ அதுல கரண்ட் சேந்திருக்கும். மொதல்ல அவர் காலு டெக்ல படட்டும், கரண்ட் எறங்கிடும். ஷாக் அடிச்சு நீங்களும் விழுந்தா, உங்க நண்பரை எப்போ தூக்கறது?”

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஸ்ட்ரெச்சரில் அவன் மேலே போகப் போக அழுகை வந்துவிட்டது. அப்போதும் எந்தக் கொக்கி, எப்படிக் கட்டினார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் அழுதேன்.

மருத்துவமனையில் இதயக் குழாய் அடைப்பை நீக்கினார்கள். பிழைத்துவிட்டான்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் டீ குடிக்க உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவான்.

“டேய், கதவு தொறந்தா இருந்துச்சு? உள்ள எத்தன பேரு? நான் பயத்துல கண்ண மூடிட்டேன்டா!”

அதில் போனவன் கேட்பான், போகாத நான் சொல்வேன். கடைசியில், “அப்ப நீ என்னடா பண்ணின?” என்பான்.

“சும்மா நின்னேன்” என்பேன். அவனுக்கு நான் செய்த பெரிய உதவியே அதுதான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.