மூக்கால் வாங்கிய பழி

எண்பதுகளின் தொடக்கத்தில் அறுகம்பேயில் ஒரு விடுதியின் மதுக்கூடத்தில் வேலை செய்தேன். கல்முனையில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவன், ஒரு சொட்டும் நாக்கில் பட்டதில்லை. ஆனால் ஸ்கொச் விஸ்கியை மணத்தை வைத்தே எடைபோடுவேன். அங்கே தங்கிய ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர், விஸ்கி கலக்கும் தொழிலில் இருந்தவர், தாங்களும் குடித்துப் பார்ப்பதில்லை, முகர்வதுதான் என்று சொல்லி வழியைக் காட்டிவிட்டுப் போனார். சரிபாதி தண்ணீர் விட்டு, கிளாஸை உள்ளங்கையால் மூடிச் சுழற்றி முகர வேண்டும். முதலில் தானியத்தின் மெல்லிய இனிப்பு வரும். பிறகு முந்திரிகை வற்றல், உலர்ந்த திராட்சையின் மணம். எல்லாவற்றுக்கும் பின்னால், எங்கோ வயலில் வைக்கோல் எரிவதுபோல் புகை.

விடுதி மெனேஜர் எங்கள் ஊர்க்காரர். விஸ்கி சப்பென்று இருப்பதாக விருந்தாளிகள் முறையிட்டபோது, நான் குடித்துவிட்டுத் தண்ணீர் கலப்பதாக முதலாளியிடம் சொன்னார். என்னை ஒரு வார்த்தை கேட்காமலே வேலையை விட்டு அனுப்பினார்கள். அது போதாதென்று, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர்களிடம் பள்ளிவாசல் கேற்றடியில் நின்று, "பொடியன் நல்லாக் குடிக்கான்" என்றார். எனக்குப் பேசியிருந்த மாமா மகளை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். வாப்பா என்னோடு கதைப்பதை நிறுத்தினார்.

எட்டு மாதம் பொறுத்தேன். முதலாளி கொழும்பிலிருந்து விருந்தாளிகளோடு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். பகல் சாப்பாட்டு மேசை முன்னால் போய் நின்றேன்.

"சேர், நான் குடிக்கல்ல. உங்கட போத்தல்ல இருக்கிறது ஸ்கொச்சும் இல்ல. கண்ணைக் கட்டிப்போட்டுச் சோதிச்சுப் பாருங்க."

விருந்தாளிகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. தாங்கள் கொண்டுவந்த போத்தலிலிருந்து இரண்டு கிளாஸ், மதுக்கூடத்துப் போத்தல்களிலிருந்து மூன்று கிளாஸ் ஊற்றி, மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒவ்வொன்றாக முகர்ந்தேன்.

"ரெண்டாவதும் அஞ்சாவதும் நல்லது. மத்த மூணும் தென்னஞ்சாராயம். நிறத்துக்குத் தேயிலைச் சாயம். புகையே இல்ல."

விருந்தாளி ஒருவர் அந்த மூன்றில் ஒன்றை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். முதலாளி மெனேஜரின் அறைச் சாவியைக் கேட்டார். கட்டிலுக்கடியில் சாராயக் கேனும் புனலும் இருந்தன. நல்ல சரக்கை வெளியே விற்றுவிட்டு இதை நிரப்பி வைத்திருக்கிறார்.

பஸ் நிற்கும் இடத்துக்கு மெனேஜர் என் பின்னாலேயே ஓடிவந்தார்.

"தம்பி, ஊருக்க சொல்லிப்போடாத. பிள்ளைகள் இருக்கு."

"நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லணும். வெள்ளிக்கிழமை, பள்ளி கேற்றடியில."

வந்தார். கூட்டத்தின் முன்னால் தலையைக் குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

"கேக்கல்ல," என்றேன். "சத்தமாச் சொல்லுங்க."

மறுபடியும் சொன்னார், பொய் சொன்னதாக, நான் குடிக்கவில்லை என்று. குரல் உடைந்தது. அப்போதும் எனக்குப் போதவில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன்.

வாப்பா வந்து என் கையைப் பிடித்தார். "போதும் மனே, வா."

மெனேஜர் அழுவதைப் பார்த்து முடியும்வரை நான் நகரவில்லை.