இடக்கைக்கு ஒரு வில்

அந்தக் குடும்பத்தில் இடக்கைக்காரர்கள் என்று தலைமுறைக்கு ஒருவர்தான். முதலில் ஒரு அத்தை. அவளுடைய அண்ணன்மார் பிள்ளைகளில் பெரியவர் ஒருவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவருடைய தம்பி மகள்தான் இந்தக் கதைக்கு உரியவள். அத்தையின் இடக்கையைச் சின்ன வயதில் துணியால் உடம்போடு சேர்த்துக் கட்டியே வலக்கைக்காரி ஆக்கிவிட்டார்கள். ஆனாலும் அவள் ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும் கை தன்னால் மாறிவிடும். கிரேன்காரப் பெரியப்பாவை யாரும் கட்டவில்லை. கட்ட வந்தவனைக் கொக்கியில் மாட்டித் தூக்கியிருப்பார்.

இவள் காலத்தில் கட்டுவதெல்லாம் போய்விட்டது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. பள்ளிக்கூட நாற்காலியில் எழுதும் பலகை வலப்பக்கம் இருந்தது, கத்தரிக்கோல் வலக்கைக்கு இருந்தது, டின் திறப்பான் வலக்கைக்கு இருந்தது. ஆயத்த ஆடைக் கம்பெனியில் கட்டிங் மேஜைக்குப் போனாள். அங்கே அடுக்கிய துணியை வெட்டும் மெஷினும் வலக்கைக்கே. இருபது வருஷத்துக்கு மேல் வலக்கையால் வெட்டி, அந்தக் கட்டிடத்திலேயே சுத்தமான வெட்டு என்று பேர் வாங்கினாள். இடக்கைக்கென்று அவளுக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமைக் காலை ஒன்றுதான். மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் பின்னால் வில் கிளப் இருந்தது. அங்கே அவளை எல்லாரும் இடக்கையக்கா என்பார்கள். அவளுக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது.

வில் பெரியப்பா கொடுத்தது. நுனி இரண்டும் முன்பக்கமாகத் திரும்பி வளைந்த பழைய மாடல், ஒரே கட்டையாகச் செய்தது. கிளப்புகள் ஒன்றுகூடும் வருஷப் போட்டியில் பழைய மாதிரி விற்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் அவள் கிளப்புக்காக நிற்பாள். ஜெயித்த வருஷமும் உண்டு, மண்ணைக் கவ்விய வருஷமும் உண்டு. அதுவல்ல விஷயம். அந்த வில்லில் அம்பு உட்காரும் விளிம்பு பிடியின் வலப்பக்கம் வெட்டியிருந்தது. வலக்கையால் பிடித்து இடக்கையால் நாணை இழுக்கிறவருக்கென்று யாரோ ஒரு ஆள் எங்கோ ஒரு தொழிற்சாலையில் யோசித்துச் செய்திருக்கிறான். அவள் கைக்கென்று செய்த பொருள் அவளிடம் வேறு எதுவும் கிடையாது.

அது உடைந்த கதையைக் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும்.

ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்தவள் பீரோ மேலே பார்த்தாள். வில் இல்லை.

"தம்பி எடுத்துட்டுப் போயிட்டான்" என்றாள் அம்மா, டீயை ஆற்றிக்கொண்டே. "ஜிம் திறக்கிறான் இல்ல, சுவத்துல மாட்டுனா கெத்தா இருக்கும்னான்."

"என்கிட்ட கேட்டானா?"

"என்கிட்ட கேட்டானே."

"வில் உன்னோடதாம்மா?"

"அக்கா பொருளை எடுக்கத் தம்பிக்கு உரிமை இல்லையா? என்னடி பேச்சு இது."

செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே திரும்பி ஜிம்முக்குப் போனாள். பளபளவென்ற கண்ணாடிகளுக்கு நடுவில், விளக்குப் போட்டு, வில் மாட்டியிருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, நாண் தப்புப் பக்கம் மாட்டியிருந்தது. நாண் கட்டாதபோது அந்த மாதிரி வில்லின் நுனிகள் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். தெரிந்தவர்கள் அதற்கு எதிர்ப்பக்கம் வளைத்து நாணை மாட்டுவார்கள். தெரியாதவன் வளைந்திருக்கிற பக்கமே இன்னும் வளைப்பான். தம்பி அதைத்தான் செய்திருந்தான். இரண்டு தடியன்களைத் துணைக்கு வைத்து வளைத்திருக்கிறான். பிடிக்கு மேலே வளைகிற பட்டையில் நீளமாக ஒரு விரிசல், விரல் நகம் நுழையும் அளவுக்கு.

"கட்டும்போதே டப்புன்னு ஒரு சத்தம் வந்துச்சுக்கா" என்றான் தம்பி. "பழசு இல்ல, அதான்."

"சத்தம் வந்ததுக்கு அப்புறமும் மாட்டினியா?"

"போட்டோக்காரன் வந்துட்டான். அப்புறம் என்ன பண்றது?"

அவள் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினாள். வில்லைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே தம்பி, "ஒரு மரக்கட்டைக்கு இவ்வளவு கோபமா" என்று யாரிடமோ சொல்வது கேட்டது.

அடுத்த மாதம் அவன் நீளமான அட்டைப் பெட்டியோடு வந்தான். அம்மா, இவளுடைய புருஷன், எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் பெட்டியைப் பிரித்தான். பழைய மாடல்களுக்கு இப்போது மவுசு வந்துவிட்டதாம். ஒரு கம்பெனி அதே வடிவத்தில், அதே செம்மரச் சாயலில், அதே வெள்ளை நுனியோடு நகல் செய்து விற்கிறது. பார்க்க அச்சு அசலாக இருந்தது. உண்மையிலேயே அழகுதான். அவளுக்கே ஒரு கணம் மனசு இளகியது. எடுத்துப் பிடித்தாள். அம்பு உட்காரும் விளிம்பு இடப்பக்கம் இருந்தது.

"இது வலக்கை வில்லுடா."

"எல்லா வில்லும் வில்லுதானேக்கா. தலைகீழா பிடிச்சுக்கோ."

"பிடி ஒரு பக்கத்துக்குக் குடைஞ்சிருக்கு பாரு. பட்டையும் கீழே ஒரு அளவு, மேலே ஒரு அளவு. தலைகீழா எப்படிப் பிடிக்கிறது?"

தம்பி கம்பெனிக்குப் போன் போட்டான், எல்லாரும் கேட்கும்படி. விவரம் கேட்டவள் அவள். எதிர்முனையில் இருந்தவன் தேன் ஒழுகப் பேசினான்.

"இடக்கையா மேடம்? இந்த மாடல்ல வராது. நாங்க ஒரே அச்சுலதான் போடுறோம்."

"அசல் மாடல்ல இருந்துச்சே."

"அது அந்தக் காலம் மேடம். இப்ப யாரும் கேக்கிறதில்ல. ரெண்டு மாசம் வலக்கையில பழகிப் பாருங்க, தானா வந்துரும்."

அவள் போனை வாங்கி அணைத்தாள். அப்போது அவள் புருஷன் வாயைத் திறந்தார். லிஃப்ட் மெக்கானிக், நல்ல மனுஷர்தான், வம்புதும்புக்குப் போகாதவர். அன்றைக்கு என்ன வந்ததோ.

"பழகிக்கோயேன். கம்பெனில வலக்கையிலதானே வெட்டுற? அங்க வந்த கை இங்க வராதா?"

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அம்மாகூட டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"அங்க சம்பளத்துக்கு வெட்டுறேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமையையும் அவங்களுக்கே குடுத்துடணுமா?"

"தம்பி ஆசையா வாங்கிட்டு வந்திருக்கான்" என்றாள் அம்மா. "ஒரு நல்ல வார்த்தை சொல்லேன்."

இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. உடைத்தவன் அவன். கேட்காமல் எடுத்தவன் அவன். கடைசியில் நல்லவனும் அவனே, நன்றி சொல்ல வேண்டியவள் இவள்.

முயற்சி செய்யவில்லை என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது என்பதற்காக அந்த வில்லை கிளப்புக்குக் கொண்டுபோனாள். இடக்கையால் இழுத்தால் அம்புக்கு உட்கார இடமில்லை. வில் பிடித்த கையின் விரல் முட்டி மேல் வைத்து அம்பை விட்டாள். இறகு போகிற போக்கில் தோலைச் சீவிக்கொண்டு போனது. வலக்கையால் இழுத்துப் பார்த்தாள். அம்பு இலக்குப் பலகையைத் தாண்டிப் பின்னால் தொங்கிய வலையில் விழுந்தது. ரத்தம் கசிந்த விரலை வாயில் வைத்துக்கொண்டே வில்லைப் பெட்டியில் போட்டு, தம்பி வீட்டு வாசலில் சாத்திவிட்டு வந்தாள்.

அதன் பிறகுதான் வில்லுக்காரரிடம் போனாள். கார் பழுதுபார்க்கும் ஷெட்டுகளுக்கு நடுவே அவருடைய பட்டறை. கேட்பவர் கைக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் செய்து தருகிறவர். காகிதம் மாதிரி சீவிய மரப்பட்டைகள், அவற்றை அடுக்கிப் பசை போட்டு இறுக்கும் அச்சுக்கட்டை, பல்பு எரியும் சூட்டுப் பெட்டி, எங்கும் மரத்தூள். துணைக்குப் புருஷனும் வந்திருந்தார். உடைந்த வில்லை மேஜையில் வைத்தாள். வில்லுக்காரர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நோயாளியைப் பார்ப்பதுபோலத் தடவித் தடவிப் பார்த்தார்.

"யாரு இந்தக் கொலையைப் பண்ணது?"

"தம்பி."

"உயிரோட இருக்கானா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல வாரங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. விரிசலை ஒட்ட முடியாது, இதை அளவாக வைத்துப் புதிதாகச் செய்யலாம், விளிம்பை வலப்பக்கம் வெட்டுவது ஒரு வேலையே இல்லை, போட்டிக்கு முன்னால் தந்துவிடலாம் என்றார் அவர். அவளுக்கு மனசு நிறைந்துபோனது. கம்பெனி நகலைவிட விலை அதிகம்தான். தன் சம்பளத்திலிருந்து தருவதாக முடிவு செய்தாள்.

கடைசியில் வில்லுக்காரர் திரும்பி அவள் புருஷனைப் பார்த்துக் கேட்டார்: "எவ்வளவு இழுவை வெக்கலாம்? இழுக்க நாண் எவ்வளவு பாரமா இருக்கணும்?"

"நாப்பத்திரண்டு பவுண்டு" என்றாள் அவள். "பழசுல இருந்த அதே இழுவை."

வில்லுக்காரர் சரி என்று தலையாட்டினார். அதோடு முடிந்தது என்று நினைத்தாள்.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வில் தயார் என்று செய்தி வந்தது. போனார்கள். என்ன ஒரு வேலைப்பாடு. பிடி அவள் உள்ளங்கைக்குள் அளந்து வார்த்தது மாதிரி போய் உட்கார்ந்தது. நாணை இழுத்தாள். பாதியிலேயே தெரிந்துவிட்டது. படியில் ஒரு படி குறைவதைக் கால் கண்டுபிடிப்பது போல. முழுக்க இழுத்து, மெதுவாகத் திரும்ப விட்டாள்.

"இது நாப்பத்திரண்டு இல்ல."

வில்லுக்காரர் துணியால் கையைத் துடைத்தார். "முப்பது இருக்கும்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க சொன்னீங்கம்மா. அப்புறம் சார் போன் பண்ணிக் குறைக்கச் சொன்னாரு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அவள் திரும்பினாள். புருஷன் கூரையில் தொங்கும் விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு விசிறியில் அவ்வளவு என்ன வேலை?

"உன் தோளுக்காகத்தான்" என்றார் கடைசியில். "உன் தம்பிதான் சொன்னான், இந்த வயசுல பொம்பளைங்க முப்பதுக்கு மேல இழுத்தா ஜவ்வு போயிடும்னு."

"என் தோளு என்னைக்காவது உங்ககிட்ட வந்து வலிக்குதுன்னு சொல்லிச்சா?"

"நல்லதுக்குத்தானே பண்ணோம்."

"எல்லாரும் நல்லதுக்குத்தான் பண்றீங்க. அவன் நல்லதுக்கு எடுத்தான், அம்மா நல்லதுக்குக் குடுத்தா, நீங்க நல்லதுக்குப் போன் பண்ணீங்க. ஒருத்தருக்காவது என்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வாய் வரல." பிறகு வில்லுக்காரரிடம், "இழுவையை ஏத்த முடியுமா?" என்றாள்.

"முடிஞ்ச வில்லுல குறைக்கலாம், ஏத்த முடியாதும்மா. நுனியை வெட்டிச் சின்னதாக்கினா கொஞ்சம் ஏறும், ஆனா வடிவம் கெட்டுரும்." சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "ஒரு வாரத்துல போட்டி. இதையே வெச்சு விடுங்களேன். பழகிடும்."

பழகிடும். கம்பெனிக்காரன் சொன்ன அதே வார்த்தை. அச்சில் போட்டு ஆயிரமாயிரமாகத் தள்ளுகிறவன் சொன்னால் அவனுக்கு அவள் யாரென்று தெரியாது, போகட்டும். உன் கைக்கென்றே செய்து தருகிறேன் என்று அவள் கையைப் பிடித்து விரல் நீளம் அளந்தவரும் அதையே சொன்னால் இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?

அதை அவரிடமே கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. "வில்லு யாருக்குன்னு என்கிட்ட அளவெடுத்தீங்க. எவ்வளவுன்னு இவர்கிட்ட கேட்டீங்க. அப்புறம் இது எப்படிங்க என் வில்லாகும்?"

 வில்லுக்காரர் வில்லை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாகச் சாத்தினார். "புதுசா செய்யறேன்" என்றார். "என் தப்பு, காசு வேண்டாம். ஆனா போட்டிக்கு ஆகாது."

"ஆகலன்னா இந்த வருஷம் வேண்டாம்."

வெளியே வந்ததும் புருஷன், "வருஷம் பூரா இதுக்காகத்தானே காத்துக்கிட்டிருந்த, ஒரு வீம்புக்காக விட்டுட்டியே" என்றார். அவள் பஸ்ஸில் அவரோடு ஒரே இருக்கையில் உட்காரவில்லை. போட்டியன்றைக்கு கிளப் வரிசையில் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றாள். இவள் பின்னால் நின்று, பலகையில் குத்திய அம்புகளைப் பிடுங்கிப் பிடுங்கிக் கொடுத்தாள். கிளப்பில் நாலு பேர் அவளைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். வீட்டில் அம்மா இன்னும் பெரிய வார்த்தை சொன்னாள். தம்பி அந்த வலக்கை வில்லை ஜிம் சுவரில் மாட்டிக்கொண்டான். இந்தத் தடவை நாண் கட்டவில்லை.

குளிர் வந்து போன பிறகு வில்லுக்காரர் கூப்பிட்டார். அவள் தனியாகப் போனாள். அவர் வில்லை நீட்டினார், இழுவையை அளக்கும் தராசுக் கொக்கியையும் பக்கத்தில் வைத்தார், நீயே பார்த்துக்கொள் என்பது போல. அவள் தராசைத் தொடவில்லை. இழுத்தாள். பழைய பாரம் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் வந்து இறுகியது. அதுதான்.

போக எழுந்தபோதுதான் சுவரைப் பார்த்தாள். அந்த முப்பது பவுண்டு வில் ஆணியில் தொங்கியது. நூலில் ஒரு அட்டை. அதில் கொட்டை எழுத்தில்: பெண்கள் மாடல்.

"இது என்னங்க?"

"விக்கணுமேம்மா. வீணாவா போடறது?"

"இதை வாங்க வர்றவளுக்கும் நாப்பத்திரண்டு வேணும்னா?"

அவர் தலையைச் சொறிந்தார். அவள் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பினாள். மேஜையிலிருந்த தச்சுப் பென்சிலை இடக்கையால் எடுத்து, பின்பக்கத்தில் கோணல்மாணலாக எழுதினாள்: இடக்கை வில், முப்பது பவுண்டு.

"இவ்வளவுதான் இது" என்றாள். "யாருக்குன்னு வாங்க வர்றவங்க சொல்லட்டும்."

எழுதிய பக்கம் வெளியே தெரிய அட்டையைத் தொங்கவிட்டாள். புது வில்லைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. ஆனாலும் கிளப் சாவி யாரிடம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தாள்.