கணக்குப் பாடங்கள் இருந்த சர்வர்

அப்புத்தளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைகளுக்கான படிப்பு மண்டபத்தை நடத்தும் அக்கா, அங்கிருந்த சர்வர் தொடங்கும்போதே நின்றுவிடுகிறது என்று என்னைக் கூப்பிட்டார். பதுளையில் கம்ப்யூட்டர் திருத்துவது என் தொழில். அந்தப் பக்கம் உயர்தரக் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை. முன்பு இருந்தவர் வெளிநாடு போகுமுன் எல்லாப் பாடங்களையும் வீடியோவாக எடுத்து அந்தச் சர்வரில் போட்டிருந்தார். இன்டர்நெட் கிடைக்காத லயத்து வீடுகளின் தொழிலாளர் பிள்ளைகள் அதைப் பார்த்தே படித்தார்கள்.

சுவிட்சைப் போட்டேன். திரையில் வரிகள் ஓடி, ஓரிடத்தில் அப்படியே நின்றன. மெமரியை மாற்றியும் பலன் இல்லை. என் பென் டிரைவிலிருந்து தொடங்கியபோது மட்டும் ஒழுங்காக வந்தது. அப்படியென்றால் பழுது ஹார்ட் டிஸ்கில்தான். அதிலிருந்த ஃபைல்களைத் திறக்கப் பார்த்ததும் உள்ளே ஏதோ உடைந்து இடிப்பதுபோல டிக் டிக்கென்று சத்தம் கேட்டது. மறுபடி எல்லாம் உறைந்தது.

“வேற எங்கயாவது காப்பி இருக்காக்கா?”

“இந்த டிஸ்க்லயே ரெண்டு காப்பி போட்டிருக்கேன்னு அந்த சார் சொன்னாரு தம்பி. அவருகிட்டயும் வேற இல்லையாம்.”

பாடங்களை மீட்க முடியுமா என்று டிஸ்கைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றேன். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

பின்னால் நின்ற மாணவி ஒருத்தி கேட்டாள்: “பரீட்சைக்கு முன்னுக்கு வந்துருமாங்க?”

“வராதும்மா.”

அவள் அழவில்லை. மற்றவர்களிடம் போய்ச் சொன்னாள். அவர்கள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள் இறங்கிப் போனார்கள். அக்கா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். குடித்துவிட்டு அந்த டிஸ்கைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன்.