ஒண்டுக்கும் உதவாத கிற்றார்

புத்தூரில் பார்வை மங்கிய ஓர் அன்ரி, இறந்துபோன கணவரின் பழைய பேஸ் கிற்றாரை விற்க, இசைக்குழுவில் வாசிக்கும் என்னை அழைத்தார். கொழும்பில் அது புதியதைவிட நாலு மடங்கு விலைபோகும் என்பது பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது.

“உது ஒண்டுக்கும் உதவாது, அன்ரி” என்றேன்.

“அப்ப காசு வேண்டாம் தம்பி. திருத்தி வாசியுங்கோ.”

நான் அதை விற்றுப் புதியதொன்று வாங்கினேன். கோயில் திருவிழாவில் எங்கள் இசைக்குழு வாசித்து முடித்ததும் அன்ரி மேடையடிக்கு வந்தார்.

“உது அவரின்ரை கிற்றார்தானே?”

“ஓம்.”

அவர் அதைத் தடவினார். பழையதில் கணவரின் பெருவிரல் பட்டுத் தேய்ந்து குழிவிழுந்திருந்த இடத்துக்கு வந்ததும் அவர் விரல்கள் நின்றன. இதில் அந்த இடம் வழுவழுப்பாக இருந்தது.

“நல்லாய்த்தான் திருத்தியிருக்கிறியள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தெரிந்து சொன்னாரா, நம்பிச் சொன்னாரா? பஸ் புத்தூரைத் தாண்டும்போது இப்போதும் நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன்.