கடலடி மேட்டுக்கு ஒரு பெயர்

கப்பலின் கடைசி அளவைக் கோடு கற்பிட்டிக்கு மேற்கே, ஆழ்கடலில் முடிந்தது. ஒலியை அடியாழத்துக்கு அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு கடலின் தரையை வரைவதுதான் எங்கள் வேலை. கப்பலும் ஆய்வாளர்களும் வெளிநாடு. இலங்கைப் பக்கத்தில் இரண்டே பேர். ஒருவர் கொழும்பிலிருந்து வந்த அரச அதிகாரி. மற்றவர், பல்கலைக்கழகத்தில் புவியியல் முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான். கருவியை நிறுத்தியதும், இத்தனை நாளும் தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்த கீச்சொலி அடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு கம்பிகளைச் சுருட்டவும் பெட்டிகளை மூடவும் தொடங்கினோம்.

அன்று பின்னேரம் தலைமை ஆய்வாளர் எங்களை வரைபடத்தின் முன் கூட்டினார். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த பெண்மணி அவர். புதிதாகக் கண்ட மேடுகளுக்குப் பெயர் முன்மொழியலாம், ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்றார். என் முறை வந்தபோது எங்கள் ஊரின் பெயரைச் சொன்னேன்.

அது மன்னார்ப் பக்கத்து ஊர். தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தின் நடுவே தமிழ் ஆயுத இயக்கம் முஸ்லிம்களை அங்கிருந்து வெளியேற்றியபோது, உம்மா என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வள்ளத்தில் வந்து கற்பிட்டியில் இறங்கினார். அதன்பின் எங்களுக்குப் புத்தளம்தான். யுத்தம் முடிந்து வாப்பா போய்ப் பார்த்தபோது வீட்டு வளவில் காடு மண்டிக் கிடந்தது. அங்கே குடியிருப்பாளராகப் பதியப் போனால், நீங்கள் புத்தளத்து ஆட்கள் என்றார்கள். இங்கே நாங்கள் இன்றைக்கும் அகதிகள்.

தலைமை ஆய்வாளருக்கு இதெல்லாம் தெரியாது. "அழகான பெயர்" என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

கரையை நெருங்கியதும் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. வாப்பா உப்பளத்தில் வேலையில் நின்றார்.

"வாப்பா, கடலுக்கடியில ஒரு மலைக்கு எங்கட ஊர்ப் பேர் வெக்கிறாங்க."

"என்ன மகள் சொல்றீங்க?"

"மெய்தான் வாப்பா. உலக வரைபடத்துல வரும்."

பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டு அதைச் சத்தமாகச் சொன்னார். பிறகு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

மறுநாள் காலை, கொழும்புத் துறைமுகம் தெரியத் தொடங்கிய நேரம், அதிகாரி என்னை மேல்தளத்துக்குக் கூப்பிட்டார். அவர் வடக்கைச் சேர்ந்த தமிழர்.

"தங்கச்சி, அந்தப் பேரைப் பட்டியல்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டன்."

"ஏன் சேர்?"

"வில்லங்கமான பேர். ஏன் அந்த ஊர், ஆர் வைச்சதெண்டு மேலிடத்தில கேட்டால் நானெல்லோ பதில் சொல்லோணும்."

"அது ஒரு ஊர்ப் பேர்தானே சேர்?"

"எனக்கும் ஊர் இருக்கு. ஆமி பிடிச்ச காணியை இன்னும் விடேல்ல. நான் எங்கயாவது வாய் திறந்தனானா?"

என் முகத்தைப் பாராமல் இதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவரை முழுதாக வெறுக்கவும் முடியாமல் போனதில் எனக்கு இன்னும் ஆத்திரம்.

தலைமை ஆய்வாளரிடம் ஓடினேன். உள்நாட்டு விஷயத்தில் தாங்கள் தலையிட முடியாது என்றார். வருத்தம்தான் என்றார். கப்பலின் படம் போட்ட தொப்பி ஒன்றைத் தந்துவிட்டுப் பெட்டிகளுக்குத் திரும்பிவிட்டார்.

அன்றே புத்தளம் பஸ் ஏறினேன். மதுரங்குளியில் ஏறிய வாப்பாவின் கூட்டாளி ஒருவர் என்னைக் கண்டதும் பஸ் முழுக்கக் கேட்கச் சொன்னார்: "நம்மட ஊர்ப் பேர மலைக்கு வெச்ச புள்ள இதுதான்!" ஆட்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

வீட்டில் உம்மா சந்தோசத்துக்கு வட்டலப்பம் என்ற இனிப்பைச் செய்து வைத்திருந்தார். வாப்பா பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. நடந்ததைச் சொன்னேன். வாப்பா கேட்டார்:

"ஆளே இல்லாத இடத்துக்கும் நம்மட பேர் ஆகாதாமா?"

அவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"எங்க போறீங்க?" என்றார் உம்மா.

"சொன்ன ஆக்களுக்கெல்லாம் இல்லையெண்டு சொல்லோணும். என்ட வாயால போனது."

இரவு இஷாத் தொழுகை முடிந்தே திரும்பினார். தேத்தண்ணிக் கடையில், தலைமுறை தலைமுறையாகப் புத்தளத்தில் இருக்கிற முதலாளி ஒருவர் பகிடியாகக் கேட்டாராம்: "அப்ப, கடலுக்குள்ளயும் நீங்க அகதிதானா?" கடையே சிரித்ததாம். அதைச் சொல்லிவிட்டு வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வட்டலப்பத்தை யாரும் தொடவில்லை.

பிறகு ஆய்வறிக்கை மின்னஞ்சலில் வந்தது. அந்த மேட்டுக்கு, இறந்துபோன பழைய கப்டன் ஒருவரின் பெயரை முன்மொழிந்திருந்தார்கள். அவர் வடதுருவக் கடலில் கப்பல் ஓட்டியவராம். வாப்பாவிடம் அதை நான் காட்டவில்லை.

அடுத்த பயணத்துக்கு வருவீர்களா என்று அதிகாரி போன் எடுத்தார். வரமாட்டேன் என்றேன். ஏனென்று அவரும் கேட்கவில்லை. இப்போது பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறேன். கடலடி நிலத்தோற்றம் பற்றிய பாடம் வந்தால், புத்தகத்தில் இருப்பதை வாசித்துக் கேள்விகளைக் கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.