தூசியைப் பூவாகக் காட்டும் கண்ணாடி

வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிற தொழிலில், புத்தகம் கிழிந்து திரும்புவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். படித்தவர் சொல்லும் கருத்தைத்தான் தாங்க முடியாது. என்னைப் போல இன்னும் மொபெட்டில் பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவர்கள் யாராவது மிச்சமிருந்தால் தலையாட்டுவீர்கள். மனைவி போன பிறகு எனக்குப் பேச்சுத்துணை இந்த வாசகர்கள்தான்.

சந்தேகம்

வரப்போகும் காலத்தைப் பற்றிய நாவல் ஒன்றைச் சுற்றுக்கு விட்டேன். ஆலைத் தூசியில் ஒரு நகரமே இருமிச் சாகிறது. ஆள்கிறவர்கள் தூசியை அடக்கவில்லை. ஆளுக்கொரு கண்ணாடி கொடுக்கிறார்கள். மாட்டினால் தூசியெல்லாம் மல்லிகைப் பூவாக உதிரும். இந்த வகைக் கதைகள் பலவற்றிலும் இப்படி ஒரு கருவி வருகிறது. வந்ததும் சனங்கள் எதைக் கேட்கப் புறப்பட்டோம் என்பதையே மறந்துவிடுகிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர் முதலில் வாங்கினார். படித்துவிட்டுக் கோபமாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம். கோபம் வருகிற ஒரு வாசகராவது கிடைத்தாரே! அவர் சொன்னார்:

"ஒருதடவ சார்ஜ் போட்டா அந்தக் கண்ணாடி எம்புட்டு நேரம் நிக்கும்னு எழுதவே இல்லையே அண்ணாச்சி!"

புரிந்தவள்

அடுத்து வாங்கியவள் செல்வி. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூல் ஆலையில் வேலை. அவள் பகுதியில் தூசியை இழுக்கிற ஃபேன் ஓடி மாதக்கணக்காகிறது. ஒரு வாக்கியத்தை இருமாமல் முடிக்க மாட்டாள். நெஞ்சு கெட்டுவருகிறது, தூசியில் நிற்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கேன்டீனில் அந்த நாவலைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். எல்லோரும் சேர்ந்து மேனேஜரிடம் போவதென்று முடிவானது. முதலில் எழுந்தவள் பேச்சியம்மாளாம்.

"ஏட்டி, நமக்குப் பூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஃபேனை ஓடவிடச் சொல்லுவோம், வாங்கடி!"

பெரிய டிவி

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரமே கேன்டீனில் சுவரை அடைத்து ஒரு டிவி வந்தது. ஃபேன் வரவில்லை. நாவலில் படித்தபோது இது நம்பும்படி இல்லை என்று நினைத்தவன் நான். பேச்சியம்மாளைக் கடைத்தெருவில் பார்த்ததும் ஃபேன் என்னாச்சு என்று கேட்டேன். முகமெல்லாம் சிரிப்பு.

"அதை விடுங்க அண்ணாச்சி. இருமல்ல சீரியல் வசனமே கேக்க மாட்டேங்கு. பொறவு மேனேஜர்ட்ட சொல்லி சவுண்டைக் கூட்டிட்டோம்!"

பிளக்

செல்வி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, "இப்பவாச்சும் ஃபேனைப் பத்திப் பேசுவோமா?" என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் அவளுக்கு வேலை இல்லை.

மேனேஜர் வீட்டுக்கு வாரப் பத்திரிகை கொடுக்கிறவன் நான். அவரிடம் அதிகம் பேசாதவன், அன்று வாசலிலேயே நின்று, நியாயமா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"நான் எங்க அனுப்புனேன்? அவகூட வேலை பாக்குற பொம்பளைங்கதான் கூட்டமா வந்து, அவளை அனுப்புங்கன்னாங்க. ஃபேனுக்குக்கூட இம்புட்டுப் பேர் வரல அண்ணாச்சி."

செல்வி இன்று வீட்டில் உட்கார்ந்து இருமுகிறாள். இந்த மாதிரிக் கதை எழுதுகிறவர்களோ ஒரு கொடுங்கோலனைப் படைக்கப் பக்கம் பக்கமாக மெனக்கெடுகிறார்கள், எங்கள் ஊரில் ஒரு ரிமோட்டே போதுமாயிருந்தது.