குவாதலூப்பில் பொங்கிய தைக் கடைசி வெள்ளி

கரீபியன் கப்பல் பயணம் நாங்கள் தேடிப் போனது அல்ல. போன வருடம் என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்தார்கள். அவர் தேறி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதும், பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து பதினான்கு இரவுக் கப்பல் பயணம் ஒன்றைப் பரிசாகத் தந்தார்கள். பாரிஸ் ஓர்லி விமான நிலையத்திலிருந்து மார்த்தினிக் தீவு வரை எட்டரை மணித்தியால விமானம், அங்கிருந்து கப்பல். கப்பல் சாப்பாடு, நீச்சல் தடாகம், ஆட்டம் பாட்டம் பற்றியெல்லாம் மற்றவர்கள் தாராளமாக எழுதியிருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரேயொரு துறைமுக நாளைப் பற்றி.

எங்களைத் தெரியாதவர்களுக்காக: நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள், வீடு பாரிசை ஒட்டிய பொண்டியில். நான் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பெர்தொனே தெருவில் ஒரு சாறிக்கடையில் வேலை செய்கிறேன். கணவர் பிரெஞ்சு உணவகம் ஒன்றில் சமையல். ஒப்பரேசன் நடந்த அன்று ஆஸ்பத்திரி நடையில் இருந்துகொண்டு அம்மனுக்கு நேர்த்தி வைத்தேன். இவர் எழும்பி வந்தால், வருகிற தைக் கடைசி வெள்ளிக்கு உன் வாசலில் பொங்குவேன் என்று.

பிள்ளைகள் மலிவான கிழமையாகப் பார்த்துப் பதிந்துவிட்டார்கள். பிரெஞ்சுக் கலண்டரில் பஞ்சாங்கம் கிடையாது. எனக்கும் வெயிலை நினைத்த சந்தோசத்தில் புத்தி வேலை செய்யவில்லை. கப்பல் ஏறி மூன்றாம் நாள், கடையில் என்னோடு வேலை செய்கிற பிள்ளை செய்தி அனுப்பியிருந்தாள். "அக்கா, வாற வெள்ளி தைக் கடைசி வெள்ளி, கோயிலுக்குப் போட்டு பிந்தித்தான் திறப்பம்." நேர்த்தி அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"வெள்ளிக்கிழமை நாங்கள் எங்கை நிப்பம்?" என்று கணவரைக் கேட்டேன்.

"குவாதலூப்பிலை. ஏன்?"

சொன்னேன். மனுசன் சிரித்தார். "மாசியிலை பொங்குமன். அம்மன் என்ன கோட்டிலை வழக்கே போடப்போறா?"

"உயிர் தப்பினது நீங்கள். சொல்லிப்போட்டு நிக்கிறது நான்," என்றேன். கபினில் ஒரு கற்பூரம்கூடக் கொளுத்த முடியாது, கப்பலில் நெருப்பு அறவே தடை. வெள்ளி வரைக்கும் எனக்கு எந்தத் தீவும் கண்ணில் ஏறவில்லை.

வெள்ளி காலை எட்டு மணிக்குக் கப்பல் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் கட்டியது. மாலை ஐந்துக்கு எல்லோரும் திரும்பி ஏறிவிட வேண்டும். குவாதலூப் பிரான்சின் ஒரு பகுதிதான். அதே யூரோ, அதே மஞ்சள் தபால்பெட்டி, பாரிசில் எரிச்சலூட்டுகிற அதே அறிவிப்புப் பலகைகள். டாக்சித் தரிப்பிடத்தில் "இந்துக் கோயில்" என்று கேட்டதும், நின்ற சாரதிகள் எல்லோரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள். அங்கே ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்துகொண்டு ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் நின்றாள். எங்கள் நிறம், எங்கள் மூக்கு, கழுத்தில் சிலுவை. பெயர் ரொசலி ரமாசாமி. தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பேசியதெல்லாம் பிரெஞ்சில்தான். நான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"கோயில் முப்பத்தைந்து கிலோமீற்றர், கபெஸ்தேர் பக்கம். போய், காத்திருந்து, திரும்ப நூற்றிமுப்பது யூரோ," என்றாள். பேரம் பேசாமல் ஏறினோம்.

வழிநெடுக வாழைத்தோட்டம். கணவர் முன் இருக்கையில் இருந்து லா சப்பல் புராணத்தை அவிழ்த்துவிட்டார். வருடாவருடம் பாரிஸ் வீதியில் தேர் இழுக்கிறோம், வீதியெல்லாம் தேங்காய் உடைக்கிறோம், பொலிஸ்காரர் வந்து பாதையை மறித்துத் தருகிறார்கள். கடைசியில், "பிரான்சுக்குச் சாமியைக் கொண்டுவந்ததே எங்கட ஆக்கள்தான்," என்று முடித்தார். இதை நாங்கள் எல்லோரும் சொல்வதுதான். நானும் கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ரொசலி பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "என் ஆட்கள் காரைக்காலில் கப்பலேறி கரும்பு வெட்ட வந்தவர்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாகிறது. வந்த உடனே மாரியம்மனை வைத்துவிட்டார்களாம்," என்றாள். அவள் வாயில் அது 'மாயேமேன்' என்று வந்தது. கணவர் யன்னல் பக்கம் திரும்பி வாழைகளைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார்.

வீதியோரம் வர்ணக் கோபுரத்தோடு பெரிய கோயில் ஒன்று தெரிந்தது. நிறுத்தச் சொன்னேன். "என்ன செய்யப்போகிறீர்கள், மதாம்? படம் எடுக்கவா?"

"பொங்க வேண்டும். நேர்த்தி," என்று சொல்லி, பிரெஞ்சில் 'புரொமெஸ்', கொடுத்த வாக்கு, என்று விளக்கினேன்.

ரொசலி காரை ஓரம் கட்டினாள். "அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. நாங்களும் நேர்த்தி இருந்தால்தான் கோயிலைத் திறப்போம். எங்கள் குடும்பக் கோயிலுக்குப் போகலாம்." கோயில் சாவியைக் கொண்டுவரும்படி தன் தம்பிக்குப் போனில் சொல்லிவிட்டு, சுப்பர் மார்க்கெட்டில் நிறுத்தினாள். அரிசி, பால், முந்திரிகை வற்றல், அந்தத் தீவுக் கரும்பின் மண்ணிறச் சீனி. ஏலக்காய் என் கைப்பையில் எப்போதும் இருக்கும்.

கோயில் என்றால் தோட்டத்துக்குள் தகரக் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே மஞ்சள் சேலை கட்டிய சின்ன அம்மன். வெளியே ஒரு கல்லைக் காட்டி, அங்கேதான் மதுரைவீரனுக்குக் கிடாய் வெட்டுவோம் என்றாள் ரொசலி. எனக்கு ஒரு கணம் கால் தயங்கியது. வெள்ளிக்கிழமை, சைவம், ஐயர் வேறு இல்லை. அப்போதுதான் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஊர்க் கோயிலில் ஆண்கள் செய்வதுபோல, போட்டிருந்த சேர்ட்டையும் கழற்றினார்.

கப்பலில் இந்த மனுசன் நீச்சல் தடாகத்துக்கே ரீசேட்டோடுதான் இறங்கினவர். தழும்பைப் பிறர் பார்த்துவிடுவார்கள் என்ற கூச்சம். இங்கே யாரும் கேட்காமலே கழற்றிவிட்டு, நெஞ்சின் நடுவில் அந்த நீளத் தழும்போடு நின்றார். ரொசலி பார்த்தாள். "இதற்காகத்தானா," என்று மட்டும் கேட்டாள். நான் ஓமென்று தலையாட்டினேன். என் தயக்கம் போன இடம் தெரியவில்லை.

மூன்று கல் வைத்து, காய்ந்த தென்னை மட்டையால் அடுப்பு மூட்டினோம். "கவனமப்பா, புகை நெஞ்சிலை அடிக்கும்," என்று அவரைத் தள்ளி நிற்கச் சொன்னேன். "சும்மா இரும், அடுப்பு என்ரை தொழில்," என்று குனிந்து ஊதினார். பால் பொங்கிக் கிழக்குப் பக்கம் வழிந்தபோது நானும் ரொசலியும் ஒரே நேரத்தில் கையெடுத்துக் கும்பிட்டோம். அவள் கிழக்கைப் பார்த்துத் தலையசைத்ததைக் கண்டேன். அதை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த நேரம் எனக்கு வந்த பெருமிதத்தைச் சொல்ல வெட்கமில்லை, அழுதே விட்டேன்.

வாழையிலையில் படைத்து, நாங்களும் சாப்பிட்டு, நாலரைக்குத் துறைமுகத்துக்கு வந்துவிட்டோம். இறங்கும்போது ரொசலி ஒரு காகிதப் பொட்டலம் தந்தாள். அந்தக் கோயில் திருநீறு. "மகள் ஒரெலி பாரிசுக்குப் பக்கத்தில் ஆர்ஜொந்தெய்யில் இருக்கிறாள், தாதி. அங்கே அவளுக்கென்று யாரும் இல்லை. கொடுத்துவிடுவீர்களா?"

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் இந்தக் கோயில்கள் இருக்காது, தரிப்பிடத்தில் கேட்டு டாக்சி பிடியுங்கள். விலையை ஏறமுன் பேசுங்கள். சின்னக் கோயில்கள் எப்போதும் திறந்திருக்காது, எதற்காக வந்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பதிவு செய்யமுன் பஞ்சாங்கம் பாருங்கள். முக்கியமாக, சாமியை யார் கொண்டுவந்தது என்று காரில் பேச்சை எடுக்காதீர்கள்.

பாரிசுக்கு வந்த கிழமை, தாய் சொல்லி, திருநீற்றை வாங்க ஒரெலி கடைக்கு வந்தாள். அவள் வேலை செய்கிற ஆஸ்பத்திரி லா சப்பலிலிருந்து பத்து நிமிட நடை. வருடக் கணக்காக இந்தத் தெருவில் மதியத்துக்கு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிடுகிறாளாம். கோயில் பக்கம் மட்டும் போனதில்லை. "நீ யார் என்று கேட்டால் என்ன சொல்வது?" என்றாள். கடையை மற்றப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நட்சத்திரம் அவளுக்குத் தெரியாது, அம்மன் பெயருக்கே செய்யச் சொன்னேன். ஐயர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஆர் இந்தப் பிள்ளை?"

"எங்கட பிள்ளைதான் ஐயா," என்றேன். "எங்களுக்கு முந்தியே பிரான்சுக்கு வந்த ஆக்கள்."